காலி பண்ணிக் கொடுக்கிற வேலை

தைவானின் கீலுங் துறைமுகத்துக்கு மேலே மலைச்சரிவில் முண்டியடித்து நிற்கும் பழைய வீடுகளில் லுவான் அக்காவின் சம்மட்டி படாதவை குறைவு. பழைய வீட்டை உள்ளே இடித்துப் புதிதாக்கிக் கொடுக்கும் கான்ட்ராக்டர் அவள். நான் அவளிடம் டைல்ஸ் ஒட்டுகிறவன். ஆ-பின் இடிக்கிறவன். இடிக்க ஆள் இருந்தாலும் முதல் சுவரை அவளேதான் உடைப்பாள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

அவள் நிலக்கரிச் சுரங்கக்காரனின் மகள். அப்பன் இடுப்பு வாரால் அடித்தான். கட்டிக்கொண்டவன் கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து அடித்தான். ஒருநாள் அவன் அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போக, அவள் கதவை நிலையோடு பெயர்த்துப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. செங்கல் சுமந்தாள், சிமெண்டு குழைத்தாள், கொஞ்சம் கொஞ்சமாகத் தானே வேலை பிடிக்கத் தொடங்கினாள். ஒரு வீட்டில் குனிந்து நின்றவளைப் பின்னால் தட்டிச் சிரித்த பிளம்பருக்கு அன்றைக்கே முன்பல் போயிற்று. அதற்கப்புறம் கீலுங்கில் யாரும் அவளைத் தட்டிப் பார்க்கவில்லை.

கைவேலையில் குறை சொல்ல முடியாது. பேச்சில்தான் அவசரம். மின்சாரத்தை யார் துண்டிப்பது, கீழ்வீட்டுக்காரரிடம் யார் போய்ச் சொல்வது, பழைய சாமான்களை யார் அள்ளுவது என்று எதையும் அவள் முன்கூட்டிப் பிரித்துப் பேசியதில்லை. வீட்டுக்காரர் வாயைத் திறக்கும் முன்பே “எல்லாம் நான் பாத்துக்குறேன்” என்று சொல்லிவிடுவாள். பின்னால் தகராறு வந்தால் தொண்டை கிழியக் கத்தி முடித்துக்கொள்வாள். பெரும்பாலும் அவள் பக்கம்தான் ஜெயித்தது.

கோ லீ-யூன் என்கிற அம்மாள் தைபேயிலிருந்து வந்து அவளைக் கூப்பிட்டாள். அம்மா எழுதிவைத்துவிட்டுப் போன வீடு, இரண்டு தளம், சுவரெல்லாம் ஓதம் ஏறிக் கிடந்தது. பின்னறை ஒன்று பூட்டியிருந்தது. உள்ளே என்ன என்று லுவான் அக்கா கேட்டாள். பழைய குப்பை என்றாள் அந்த அம்மாள். முழு வீட்டையும் காலி பண்ணிவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும் என்றும், அதுதான் தனக்கு முக்கியம் என்றும் இரண்டு தடவை சொன்னாள். எல்லாம் நான் பாத்துக்குறேன் என்றாள் லுவான் அக்கா. பேச்சு அதோடு முடிந்தது.

வேலை தொடங்கும் காலையில் மழை கொட்டியது. நடுக்கூடத்தில் மேசை போட்டு, மண் தெய்வத்துக்குப் பழமும் பிஸ்கட்டும் வைத்து ஊதுபத்தி ஏற்றினோம். வீட்டுக்காரர்தான் முதலில் சுவரைத் தொட வேண்டும். லீ-யூன் அம்மாள் சிவப்புக் காகிதம் சுற்றிய சுத்தியலை வாங்கி, பின்னறைச் சுவரில் குழந்தையைத் தட்டுவதுபோலத் தட்டிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

லுவான் அக்கா சம்மட்டியை ஓங்கினாள். ஒற்றைச் செங்கல் சுவர். இரண்டாவது அடியில் உள்பக்கமாகச் சரிந்தது. தூசிக்குள்ளிருந்து ஒரு மனிதக் குரல் அலறியது. பின்னறைக் கதவு உள்ளேயிருந்து திறந்தது. பனியன் போட்ட ஒரு கிழட்டு ஆள் வெளியே வந்தான். மண்டை பிளந்து முகத்தின் ஒரு பக்கம் முழுக்க ரத்தம். சுவரோரம் கட்டில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவன் தலையில் செங்கல் விழுந்திருக்கிறது. கையில் பெரிய மீனைத் தூக்கும் இரும்புக் கொக்கி.

அவன் யாரையும் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற ஆ-பினின் தோளில் கொக்கியை இறக்கி, மீனை இழுப்பதுபோல இழுத்தான். காறை எலும்புக்குக் கீழே அது உள்ளே போனதை நான் பார்த்தேன். ஆ-பின் மேசையோடு சாய்ந்தான். பழங்கள் உருண்டன. கிழவன் கொக்கியைப் பிடுங்கி மறுபடி ஓங்கியபோது லுவான் அக்கா சம்மட்டியைத் தாழ வீசினாள். முட்டி உடைகிற சத்தம் கேட்டது. அவன் விழுந்தான். கொக்கி கைக்கு எட்டாத தூரத்துக்குப் போயிற்று.

அத்தோடு நின்றிருக்கலாம். அவள் மறுபடி ஓங்கினாள். கீழே கிடந்தவனின் அதே முட்டியில் அடித்தாள்.

அவன் கத்தி ஓய்ந்தபின் ஊதுபத்தி மட்டும் புகைந்துகொண்டிருந்தது. லீ-யூன் அம்மாள் சுவரோடு ஒட்டி நின்றாள். அவள் முகத்தில் பயம் இருந்தது, ஆச்சரியம் இல்லை. லுவான் அக்கா அதைக் கவனித்துவிட்டாள்.

“யாரு இது?”

“என் தம்பி. ஷுன்-தே. கணவா மீன் புடிக்கிற படகுல இருந்தான்.”

“உள்ள குப்பைன்னு சொன்னீங்க.”

“காலி பண்ணித் தரணும்னு சொன்னேன். எல்லாம் பாத்துக்குறேன்னு நீங்கதான் சொன்னீங்க.”

“நான் கட்டில், பீரோவச் சொன்னேன்.”

“நான் இவனச் சொன்னேன்.”

தரையில் கிடந்த ஷுன்-தே தலையைத் திருப்பித் தன் அக்காவைப் பார்த்தான். “நீயே வந்து அடிச்சிருக்கலாம்லக்கா,” என்றான். “இதுக்குப் போயி கூலிக்கு ஆளா?”

லுவான் அக்கா சம்மட்டியைக் கீழே போட்டாள். தன் மழைச்சட்டையைக் கழற்றி அவன் மண்டையில் அழுத்திப் பிடித்தாள். அவன் அந்தக் கையைக் கடித்தான். ஆம்புலன்ஸ்காரர்கள் படியேறி வருகிறவரைக்கும் அவன் பல் அவள் கையில்தான் இருந்தது. அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

ஆ-பினின் தோள் பிழைத்தது, ஆனால் வலது கை முன்புபோல மேலே எழும்பவில்லை. ஷுன்-தேயின் கால் மடங்காமலே போயிற்று. லுவான் அக்கா சூடான கஞ்சி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவன் அந்தக் கிண்ணத்தை அவள் முகத்திலேயே வீசினான். கன்னம் கொப்புளித்துப்போய் வந்தாள். மறுநாளும் போனாள். நர்சுகள் உள்ளே விடவில்லை.

கோர்ட்டில் லீ-யூன் அம்மாள், சாமான்களை அகற்றச் சொன்னதாக மட்டுமே சாட்சி சொன்னாள். அதைப் பொய்யென்று காட்ட எங்கள் வாய்ச்சொல்லைத் தவிர எழுத்தில் ஒன்றுமில்லை, பேசியதே அவ்வளவுதான். தற்காப்புக்காக அடித்தேன் என்று மட்டும் சொல், வேறெதையும் பேசாதே என்று வக்கீல் லுவான் அக்காவுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நீதிபதி இரண்டாவது அடியைப் பற்றிக் கேட்டார்.

“மொத அடி ஆ-பினுக்காக,” என்றாள். “ரெண்டாவதுக்கு யாரும் காரணமில்ல. அவன் கீழ கெடந்தான். என் கையில சம்மட்டி இருந்துச்சு.”

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். அவளுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. அந்த வீட்டை வேறொரு கான்ட்ராக்டர் முடித்துக் கொடுத்தார். ஷுன்-தே மீன் சந்தைக்கு மேலே ஒரு அறையில் ஒண்டிக்கொண்டு வலை பிரித்து வயிற்றைக் கழுவினான். கூடப்பிறந்த அக்காவோடு கடைசிவரை பேச்சில்லை.

சிறையிலிருந்து வந்தபின் லுவான் அக்கா வேலை பேசுகிற விதமே வேறாகிவிட்டது. வீட்டுக்காரரை நடுக்கூடத்தில் நிறுத்துவாள். கரித்துண்டால் சுவரில் ஒரு கோடு கிழித்து, இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் நாங்கள் என்பாள். அனுமதி வாங்குவது, அக்கம்பக்கத்தில் சொல்வது, தண்ணீரை நிறுத்துவது, உள்ளே இருக்கும் ஆட்களை வெளியேற்றுவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, யார் பக்கம் என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து எழுதுவாள். பூட்டிய அறை இருந்தால் திறந்து காட்டாமல் அடுத்த கேள்விக்குப் போகமாட்டாள். போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கிறது என்று பலர் எழுந்து போனார்கள். “வேலை கேக்க வந்தியா, வாக்குமூலம் வாங்க வந்தியா?” என்று ஆ-பினே நக்கலடித்தான். அந்தக் கையோடும் அவளிடமே வேலைக்கு வந்துகொண்டிருந்தான்.

போன மழைக்காலத்தில் பாதூ பக்கம் ஒரு வீடு. சொந்தக்காரர் பெயர் ஜுவாங், தடித்த ஆள், சிரித்துச் சிரித்துப் பேசினார். ஆட்களை வெளியேற்றுவது யார் பக்கம் என்று கேட்டபோதும் சிரித்தார். மாடியில் வாடகைக்கு ஒருத்தன் இருக்கிறான், போகமாட்டேன் என்கிறான், நீங்கள் தலைக்கு மேல் நாலு அடி அடித்தால் தானாக ஓடிவிடுவான் என்றார்.

லுவான் அக்கா கரித்துண்டைப் பையில் போட்டுக்கொண்டாள். “அது உங்க பக்கம். முடிச்சுட்டுக் கூப்பிடுங்க.”

ஜுவாங்கின் சிரிப்பு போயிற்று. நாள் பார்த்து வரவழைத்தவரையே அவமானப்படுத்துகிறாளா, சிறைக்குப் போய்வந்தவளுக்கு இவ்வளவு திமிரா என்று கத்திக்கொண்டே படிவரை வந்தார். நாங்கள் பாதிப்படி இறங்கியிருந்தோம். அவர் வாசலில் நாங்கள் விட்டுவந்த இரும்புக் கடப்பாரையை எடுத்துப் பின்னாலிருந்து வீசினார். அது அவள் முதுகில் பட்டுப் படிகளில் துள்ளிக்கொண்டு ஓடியது. அவள் முழங்காலில் விழுந்தாள்.

ஆ-பின் மேலே பாய்ந்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். துணி கிழிந்தும் விடவில்லை. மேலே நின்ற ஆளை அவள் பார்த்த பார்வையை எனக்குத் தெரியும். முதல் சுவரை உடைக்கும்போது வரும் பார்வை அது. அவரும் அதைப் புரிந்துகொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

“கடப்பாரைய எடுத்துக்க,” என்று என்னிடம் சொன்னாள். “அது நம்ம பக்கம்.”

விலா எலும்பில் விரிசல் என்றார்கள். அடுத்த வீட்டில் அவளால் நிற்க முடியவில்லை. ஒரு சிமெண்டு மூட்டையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு கேள்விகளைக் கேட்டாள்.