நாற்பது வயதில் ஒரு காதுப் பரிசோதனை

ஓட்டத்தில் இருபத்தைந்து வயதுப் பையன்களுக்கு ஈடுகொடுத்து, எடை, கண், பல் எல்லாம் தேறி, கடைசியில் காதில் மாட்டிக்கொண்டேன்.

வேலையில் இருப்பவர்களும் நாற்பத்திரண்டு வயது வரை சேரக்கூடிய பகுதி நேர ராணுவத்துக்கான மெடிக்கல் அது. எனக்கு நாற்பது முடிந்திருந்தது. இருபது வயதில் நெஞ்சளவு குறைவென்று திருப்பி அனுப்பப்பட்டவன். இதையும் விட்டால் இந்த ஜென்மத்தில் இல்லை. டாக்டர் என்னைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்து, இருபது அடி தள்ளி நின்று கிசுகிசுப்பார். நான் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். வலது காது பாஸ். இடது காதில் மில்லில் நூல் நூற்கும் ரிங் ஃபிரேம்தான் ஓடியது.

ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் நான் பதினெட்டு வருஷ ஃபிட்டர். ஃபிரேம் ஓடும்போது அங்கே யாரும் காதால் கேட்பதில்லை. வாயைப் பார்த்தே பேச்சைப் பிடிப்போம். சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னதும் பிழைப்பு நாறிவிட்டது. இயர் பிளக் கொடுத்திருந்தார்கள். அதை டூல் பாக்ஸில் பத்திரமாக வைத்திருந்தேன்.

ஆறு வாரத்தில் மறுபரிசோதனை, அதுவரை சத்தத்தில் நிற்காதே, தேறினாலும் தேறும் என்றார் டாக்டர். சத்தமில்லாத ஸ்டோருக்கு மாற்றச் சொல்லி மேனேஜரிடம் கேட்டேன்.

"முட்டி வலிக்குன்னு லீவு கேக்குற வயசுல ஒமக்கு எதுக்குய்யா துப்பாக்கி?" என்றார். சொல்லிக்கொண்டே கையெழுத்தும் போட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியின் நீளம் இருபது அடிக்குக் கொஞ்சம் கூடுதல். தினமும் சாயங்காலம் வலது காதைப் பொத்திக்கொண்டு, மேற்கே மலையைப் பார்த்து நிற்பேன். என் மனைவி மாரீஸ்வரி துணி எடுக்க வந்தவள், பின்னால் நின்று காய்கறிப் பெயர்களைக் கிசுகிசுப்பாள். முதல் பத்து நாள் ஒன்றும் விழவில்லை. அந்த நாட்கள் தூக்கத்தில் நடந்தவை போலத்தான் நினைவிருக்கின்றன. காதுக்குள் ஓடிய ஃபிரேம் மெல்ல வேகம் குறைந்தது. விசேஷ வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வருவது போல, சத்தங்கள் ஒவ்வொன்றாக வந்தன. தகரக் கூரையில் காக்கை நடப்பது. பக்கத்துத் தெருவில் குக்கர். கொடியில் ஈரச்சேலை அசைவது. இதெல்லாம் இத்தனை வருஷமும் இருந்ததா என்று மலையைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருப்பேன்.

ராணுவத்தைப் பற்றி அவள் அதுவரை சொன்னது, "ஒங்க இஷ்டம்" மட்டும்தான். நானும் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

மறுபரிசோதனைக்கு இரண்டு நாள் இருந்தது. மலைமேல் மேகம் இறங்கியிருந்த சாயங்காலம். பின்னாலிருந்து தெளிவாகக் கேட்டது. வழக்கம்போல யோசிக்காமல் திருப்பிச் சொன்னேன்.

"போகாதிய."

சொன்ன பிறகுதான் அது காய்கறி இல்லை என்று உறைத்தது. திரும்பினேன். மாரீஸ்வரி துணியை மார்போடு அணைத்தபடி நின்றாள்.

"கேக்காதுன்னு நெனச்சுத்தான் சொன்னேன்," என்றாள்.

நீ சொன்னால் விட்டுவிடுகிறேன் என்றேன், மனசில்லாமல்தான்.

அவள் துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: "நெசமாத்தான் சொன்னேன். பயமாத்தான் இருக்கு. ஆனா இம்புட்டு நாளும் நின்னு ஒங்க காதத் தேத்துனதும் நாந்தான. போய்ட்டு வாங்க."

மறுபரிசோதனையில் டாக்டர் என்ன கிசுகிசுத்தார் என்பது இன்று ஞாபகமில்லை. பாஸானேன்.

வயது கடந்து சேர வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: வீட்டில் இருப்பவர்களை வாய்விட்டுப் பேச வைத்துவிட்டு வாருங்கள். இருபதில் சேர்ந்திருந்தால் என் ஆசையை மட்டும் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பேன். நாற்பதில், போகாதே என்றவளே புளியோதரை கட்டிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டாள். முதல் பயிற்சியில் மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம், இங்கே நின்றுவிட்டால் அவள் முகத்தில் எப்படி முழிப்பது என்றுதான் ஓடினேன்.