திரும்பி வந்த கல்

பூங்கா அலுவலகத்தில் எல்லோரும் அவரைக் கல் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை என்னவோ தபால் பிரிப்பது. ஆனால் அந்தத் தேசியப் பூங்காவுக்கு வரும் தபாலில் பாதி கல்.

ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்ததாம். இப்போது அடுக்கடுக்காகப் பாறை, பாறைக்குள் கல்லாகிப்போன சிப்பிகள், உச்சிக் குகையில் ஆதி மனிதர்கள் காவியில் பதித்த கைகள். நம் ஜனங்களுக்குக் கண்ணால் பார்த்தால் போதுமா? பையில் ஒரு கல்லாவது விழுந்தால்தான் வந்த திருப்தி. வீட்டுக்குப் போனபிறகு பயம் பிடித்துக்கொள்ளும். இங்கே கல் எடுத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று எவனோ ஒரு புண்ணியவான் கதை கட்டிவிட்டிருந்தான். உடனே மன்னிப்புக் கடிதத்தோடு கல் திரும்பி வரும். ஒருவர் தன் தலை வழுக்கையானதற்கே கல்லைக் குற்றம் சொல்லியிருந்தார்.

வந்த கல்லைத் திரும்ப மலையில் வைக்கக்கூடாது. எந்த அடுக்கில் இருந்தது என்று தெரியாமல் வைத்தால் நாளைக்கு ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். ஆகவே எல்லாம் அலுவலகத்தின் பின்பக்கக் குவியலுக்குப் போகும். அனுப்பியவருக்கு ஓர் அச்சடித்த பதில்: 'கல் கிடைத்தது. எடுத்தவர் மேல் எங்களுக்கு எந்தக் கோபமும் இல்லை.' கீழே கல் மாமாவின் கையெழுத்து.

முப்பது வருடத்தில் அவரும் ஒரே ஒரு கல் எடுத்திருக்கிறார். மகள் வெளியூரில் தனக்குப் பிடித்த ஒருவனைக் கட்டிக்கொள்ளப்போவதாகச் சொன்னபோது மனுஷன் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊரைவிட்டுப் போகிற அன்று அவள் அலுவலகத்துக்கே வந்து, "போயிட்டு வரேம்பா" என்றாள். 'போயிட்டு வா' என்ற இரண்டு வார்த்தை அவர் வாயில் வரவில்லை. விறுவிறுவென்று மலையடிவாரத்து வளைவுப் பாறைவரை போய், விளிம்பு உடைந்த ஒரு சிப்பிக் கல்லை எடுத்துவந்து, தன் சீருடைக் கைக்குட்டையில் சுற்றி அவள் கையில் திணித்தார். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

பதினோரு வருடம். ஒரு கடுதாசி இல்லை. இவராவது எழுதினாரா? வீம்பு. ஆனால் தினமும் தபால் மூட்டையைக் கொட்டியதும் முதலில் அவளுடைய கையெழுத்தைத்தான் தேடுவார்.

அன்றைக்கு நாலாவதாகப் பிரித்த பெட்டியில் ஒரு கைக்குட்டை இருந்தது. மூலையில் நீல நூலில் 17 என்று தைத்திருந்தது. அவருடைய சீருடை எண். உள்ளே விளிம்பு உடைந்த சிப்பி.

'ஐயா, என் மனைவி போன மாதம் காய்ச்சலில் தவறிவிட்டாள். அவள் பெட்டியில் துணிக்கு அடியில் இந்தக் கல் இருந்தது. அது உங்கள் பூங்காக் கல் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எப்போது எடுத்தாளோ தெரியவில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே தனக்கு ஊர், உறவென்று எதுவும் இல்லை என்பாள், அதனால் கேட்கவும் ஆள் இல்லை. இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், பயமாக இருக்கிறது. அவளை மன்னித்துவிடுங்கள்.'

கல் மாமா அதை மூன்று தடவை படித்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடப் பேருந்து வந்து நின்றது; பிள்ளைகள் கத்தலும் சிரிப்புமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

சீட்டுக் கொடுக்கும் அக்கா கூடையோடு எட்டிப் பார்த்தாள். "என்ன மாமா, இன்னைக்கு என்ன கதை? யாருக்கு முடி கொட்டிச்சாம்? குடுங்க, குவியல்ல போட்டுடறேன்."

"இது வேணாம்மா."

"ஏன்?"

"இது எந்த இடத்துக் கல்லுன்னு எனக்குத் தெரியும்."

அவர் முகத்தைப் பார்த்த அக்கா கூடையோடு போய்விட்டாள்.

அச்சடித்த பதிலை எடுத்து வைத்தார். எடுத்தவர் மேல் எங்களுக்கு எந்தக் கோபமும் இல்லை. முகம் தெரியாத எத்தனை ஆயிரம் பேருக்கு இதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்! பெற்ற பெண்ணுக்கு ஒரு தாள் அனுப்பத் தோன்றவில்லையே, பாவி மனுஷா.

அந்த வரியை அடித்தார். கீழே எழுதினார்: 'அவள் எடுக்கவில்லை. நான் கொடுத்தது. பயப்பட வேண்டாம், பிள்ளைகளிடம் இருக்கட்டும்.'

கல்லைப் பழையபடி கைக்குட்டையில் சுற்றினார். வழக்கமாகத் தன் பதவியை எழுதும் இடத்தில் 'அவளுடைய அப்பா' என்று எழுதிவிட்டுப் பெட்டியை மூடினார்.