அரை வயிற்றுக்குச் சொதி

திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் என் வயிற்றில் பாதியை வெட்டி எடுத்துவிட்டு, மீதியைக் குடலோடு சேர்த்துத் தைத்து அனுப்பினார்கள். வயிற்றுப்புண். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுச் சங்கரன்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் நின்றவன் நான். கூட்டம் குறைந்தால்தான் மத்தியானச் சாப்பாடு. ஆடித்தபசுத் திருவிழா சமயத்தில் அதுவும் கிடையாது, டீயிலேயே பொழுது போய்விடும்.

"இனி வலிக்காது" என்றார் டாக்டர். வலிக்கவில்லை. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பிட வேண்டும், சோற்றோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, இனிப்பும் கொழுப்பும் ஆகாது, சாப்பிட்டதும் படுத்துவிட வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். மீறினால் என்ன ஆகும் என்பதை வயிறே சொல்லிக் கொடுத்தது. ஒரு கவளம் கூடிப்போனால் போதும், முதலில் காதோரம் வேர்க்கும். நெஞ்சு படபடவென்று அடிக்கும். பிறகு அடிவயிற்றிலிருந்து குமட்டல் கிளம்பி வந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். வெளியே வராது, உள்ளேயும் போகாது.

கடையில் வேட்டிக்கட்டுகளுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் சாய்ந்து கிடப்பேன். முதலாளி எட்டிப் பார்ப்பார்.

"ஏலே, துணி விக்க வந்தியா, துணிமேல படுக்க வந்தியா?"

"ஒரு நிமிசம் அண்ணாச்சி, எந்திரிச்சிருதேன்."

"எந்திரி எந்திரி. கட்டோட கட்டா ஒன்னையும் எவனாவது வெல பேசிறப் போறான்."

நல்ல மனிதர்தான். ஆனால் அவர் அப்படிச் சொன்ன அன்றெல்லாம், வேலை போய்விடுமோ என்ற கவலையில் இன்னும் கொஞ்சம் குமட்டும்.

அப்போதெல்லாம் எனக்கு ஒரே வேடிக்கை, மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்ப்பது. எதிரே இருந்த கிளப்புக்கடையில் மூட்டை தூக்குகிற ஒருவர் தினமும் சாப்பிட வருவார். சோற்றின் நடுவில் குழி பறித்து, "ஊத்தும் வே, ஏன் பயப்படுதீரு" என்று சாம்பாரை வாங்குவார். குழி நிறைந்து கரை உடைந்து ஓடும். அவர் கை அதை மறித்து மறித்துக் கட்டும். கடைவாசலில் நின்றபடி நான் எச்சிலை விழுங்குவேன். எனக்கு எச்சில் மட்டும் எவ்வளவு விழுங்கினாலும் குமட்டாது.

இப்படி இருக்கையில் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு வாசுதேவநல்லூர். குளத்துப் பாசனத்தில் வயல் வைத்திருக்கிற குடும்பம். அப்பா இல்லாததால் எங்கள் வீட்டுக்கு நான்தான் பெரிய ஆம்பளை. ஆபரேசன் விஷயம் வெளியே போகக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"வயித்தை அறுத்த பயன்னு தெரிஞ்சா நாளைக்கு ஒனக்கு எவன் பொண்ணு குடுப்பான்? வாயத் தெறக்காத."

கல்யாணத்துக்கு மறுநாள் எங்கள் வீட்டில் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதிச் சாப்பாடு. எங்கள் பக்கத்தில் மறுவீடு என்றால் சொதிதான். தேங்காய்ப் பாலில் காய்களும் பாசிப்பருப்பும் வெந்து, எலுமிச்சை பிழிந்து, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியோடு வரும். சின்ன வயதில் இதற்காகவே கல்யாணங்களை எதிர்பார்த்துக் கிடந்தவன் நான். அன்று பரிமாறுகிற சாக்கில் தப்பித்துக்கொண்டேன்.

ஆனால் பதில் விருந்து வாசுதேவநல்லூரில் வைத்தார்கள். பெண்ணைக் கொண்டுபோய் விடும்போது, பெண்ணின் அண்ணன் முதல் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவன் எழுந்தால்தான் பந்தி எழும். பாதியில் எழுந்தால் அந்த வீட்டுச் சாப்பாட்டைக் குறை சொன்னதாகிவிடும். அந்தப் பேச்சைப் பிறகு தங்கைதான் காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பஸ்ஸில் போகும்போது எனக்கு மலையும் தெரியவில்லை, வயலும் தெரியவில்லை. எதைத் தொடுவது, எதை ஒதுக்குவது, ஒதுக்கியதை எந்தக் காய்க்கு அடியில் மறைப்பது என்றே மனசு ஓடியது.

இலை போட்டார்கள். தங்கையின் மாமனார் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன மருமவனே, கோழி கொத்துத மாதிரி கொத்துதீரு? நல்லா பெசைஞ்சு அடியும்."

"சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் மாமா."

உண்மையிலேயே சமாளித்திருப்பேன். சொதிதான் கெடுத்தது. வெள்ளைச் சோற்றில் வெள்ளையாக ஊற்றியதும் அந்த வாசம் ஏறியது. ஒரு வாய் வைத்தேன். தேங்காய்ப் பால், அதற்குப் பின்னால் எலுமிச்சை, அதற்குப் பின்னால் இஞ்சி. எவ்வளவு காலமாயிற்று! பக்கத்தில் மாமனார் இருப்பதும், டாக்டர் சொன்னதும், எல்லாம் மறந்துவிட்டது. கை தானாகப் பிசைந்தது. "இன்னும் கொஞ்சம்" என்று நானே கேட்டு வாங்கினேன்.

காதோரம் வேர்த்தது.

பல்லைக் கடித்தேன். இன்னும் ரசம், பாயசம், மோர் எல்லாம் பாக்கி. நெஞ்சு அடிக்கிற சத்தம் மாமனாருக்கே கேட்டுவிடும் போலிருந்தது. பாயச வாளி தூரத்தில் வருவதைப் பார்த்ததுதான் தாமதம், எழுந்துவிட்டேன்.

என்னோடு பந்தி முழுதும் எழுந்தது. கடைசி இலையில் இருந்த ஒரு பெரியவர் கையில் முழு அப்பளத்தோடு எழுந்து நின்றார்.

புறவாசலில் மாட்டுத்தொழுவத்துப் பக்கம் குனிந்து நின்றபோது யாரோ என் நெற்றியைத் தாங்கிப் பிடித்தார்கள். தங்கையின் மாமியார்.

"எங்க சொதியில என்னய்யா குத்தம்?" என்று கேட்டார். குரலில் கோபமா பயமா தெரியவில்லை.

தங்கை பின்னாலேயே ஓடி வந்திருந்தாள். புதுப்பட்டுச் சேலையைக் கையில் தூக்கிப் பிடித்தபடி, "சொதியில ஒண்ணுமில்ல அத்த. அண்ணனுக்கு வயித்துல ஆபரேசன் பண்ணிருக்கு. பாதி வயிறுதான் இருக்கு. சொதின்னா அவனுக்கு உசுரு, அதான் ஆச தாங்காம தின்னுட்டான்" என்றாள்.

அத்தை என் நெற்றியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இத மொதல்லயே சொன்னா என்னட்டி? நாங்க என்ன புலியா கரடியா?"

உள்ளேயிருந்து மாமனார், "என்னவாம்?" என்று சத்தம் கொடுத்தார்.

"ஒண்ணுமில்ல. மருமவனுக்கு லேசா தலைசுத்து. நீங்க எல்லாரும் உக்காருங்க, வேற எல போடச் சொல்லுதேன்."

"பந்தி எந்திரிச்ச பெறவா?"

"எந்திரிச்சா என்ன, திரும்ப உக்காந்தா முட்டியா தேயும்? பாயசம் ஆறுது, உக்காருங்க."

சிரிப்புச் சத்தம் கேட்டது. இலைகள் விரிகிற சத்தமும் கேட்டது. என்னை நெல்மூட்டை அடுக்கிய அறையில் பாய் விரித்துப் படுக்க வைத்தார்கள். கதவுக்கு வெளியே அத்தை தங்கையிடம், "ஏட்டி, அடுப்படிக்குப் போ. ஒங்கண்ணனுக்கு எது ஒத்துக்கும்னு ஒனக்குத்தான் தெரியும். நீயே பாத்து வை, சாயந்தரம் குடுப்போம்" என்று சொல்வது கேட்டது. அவள் அடுப்படிக்குள் போகிற கொலுசுச் சத்தம் கேட்ட பிறகுதான் என் நெஞ்சுத்துடிப்பு அடங்கியது.

குமட்டல் மெல்ல இறங்கியது. நாக்கில் மட்டும் அந்த எலுமிச்சையும் இஞ்சியும் மிச்சமிருந்தன. அடுத்த பந்தி ஆரம்பித்துவிட்டது. யாரோ ஒருவர், "இந்தா, இங்கன ஊத்து. இன்னும் ஊத்து" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு நானும் அவரோடு சேர்ந்து, ஊத்து, இன்னும் ஊத்து என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே கிடந்தேன்.