கேட்காமல் வைத்த பேனர்

கல்யாண பேனர் ஒன்றில் மாப்பிள்ளையின் தலைக்குப் பின்னால் ஒளிக்கதிர் போட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. "விஜயா, அவரு போயிட்டாரும்மா" என்றார் செல்வமணி அண்ணனின் மனைவி. காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போனவர் அண்ணன். மாப்பிள்ளையை அப்படியே விட்டுவிட்டுக் கடையைச் சாத்தினேன்.

குடவாசலில் எங்கள் பேனர் கடைக்கு அவர் முதலாளி, நான் டிசைனர். வருகிற இளைஞர்களுக்கெல்லாம் புதுப்பட நாயகனின் நடை வேண்டும், பக்கத்தில் ஒரு சிங்கம் வேண்டும். சாதிப் பெருமை வசனத்தோடு யாராவது வந்தால், "மிஷின் ரிப்பேர் தம்பி" என்று அண்ணன் கூசாமல் சொல்லிவிடுவார். அந்த மிஷின் அத்தகைய ஆர்டர்களுக்கு மட்டுமே ரிப்பேராகும்.

"சினிமா தியேட்டரோட முடிஞ்சிடும்மா. நாம மாட்டுறது ரோட்டுலயே நிக்குது. ஸ்கூலுக்குப் போற புள்ளைங்க தினம் அதைத்தானே பாக்குதுங்க?" என்பார்.

பெண்பிள்ளைகள் வயதுக்கு வந்தால்தான் எங்கள் பக்கத்து பேனரில் இடம்பிடிப்பார்கள். அது அவருக்கு ஆகவே ஆகாது. "பெரியவளானத ஊரைக் கூட்டிச் சொல்றோம். படிச்சதச் சொல்ல வாய் வர மாட்டேங்குதே!" என்று பொருமுவார்.

அப்படிப் பொருமியவர்தான் கௌசல்யாவுக்கு பேனர் வைத்தார். நடவு வேலைக்குப் போகிறவரின் மகள். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்து, தஞ்சாவூரில் நர்சிங் சேர்ந்திருந்தாள். வழக்கம்போல நான் அவள் முகத்தை வெளுப்பாக்கப் போனேன். அண்ணன் கையைத் தடுத்தார். "இந்த நிறத்துலதானம்மா படிச்சா? இந்த நிறத்துலயே நிக்கட்டும்."

வலங்கைமான் சாலை முக்கில் நாயகர்களுக்கு நடுவே அவள் சிரித்துக்கொண்டு நின்றாள். அந்த வாரமே இரண்டு தாய்மார்கள் தங்கள் மகள்களின் மதிப்பெண்ணோடு கடைக்கு வந்தார்கள். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகுதான் அந்த வினை வந்தது. யாரோ சில பையன்கள் பேனரைப் படமெடுத்து, ஒருவனை அவள் பக்கத்தில் ஒட்டி, காதல் பாட்டோடு வாட்ஸ்அப்பில் பரப்பிவிட்டார்கள். பையன்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கௌசல்யாவின் படிப்புதான் நின்றது. திருத்துறைப்பூண்டியில் உறவுக்குள்ளேயே மாப்பிள்ளை பேசினார்கள்.

அண்ணனும் நானும் அவள் வீட்டுக்குப் போனோம். "கல்யாணம் பண்ணுங்க, வேணாங்கல. படிப்ப மட்டும் நிறுத்தாதீங்க" என்று அண்ணன் கெஞ்சினார். அவள் அப்பா கோபப்படக்கூட இல்லை.

"நீங்க ரோட்டுல நிறுத்துனீங்க. நான் வீட்டுக்குள்ள கூப்பிட்டுக்கிட்டேன். அவ்ளோதாங்க."

கடைக்கு வந்ததும் அண்ணன், "அவங்க அம்மாகிட்ட கேட்டேன், அப்பாகிட்ட கேட்டேன். அந்தப் பாப்பாகிட்ட கேக்கலியே விஜயா" என்றார். எங்கள் தொழிலில் யாரும் கேட்பதில்லை. ஆர்டர் கொடுப்பவர் ஒருவர், பேனரில் நிற்பவர் வேறொருவர். அதன்பின் பெண்பிள்ளை பேனர் என்றால் பெற்றோரை வெளியே உட்காரவைத்துவிட்டு, "உனக்கு இஷ்டமாம்மா?" என்று அந்தப் பிள்ளையிடமே கேட்பார். தயங்கினால் ஆர்டரை எடுக்க மாட்டார். ஆனாலும் கௌசல்யாவின் பெயர் வந்தால் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். அவளிடமே போய் இதைச் சொல்லுங்கள் என்று எத்தனையோ முறை சொன்னேன். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?" என்றார்.

கடைத்தெருக்காரர்கள் வைத்த கண்ணீர் அஞ்சலி பேனரை நான்தான் வடிவமைத்தேன். அதன் முன்னால், இடுப்பில் குழந்தையோடு கௌசல்யா வந்து நின்றாள். செய்தி கேட்டதும் பஸ் ஏறி வந்திருக்கிறாள். என்னால் அடக்க முடியவில்லை. "உன்னைக் கேக்காம வச்சுட்டோமேன்னு கடைசிவரைக்கும் மருகுனாரு கௌசி" என்றேன்.

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"கேட்டிருந்தா வைங்கன்னுதான்க்கா சொல்லியிருப்பேன். எனக்கு அது அவ்ளோ பிடிச்சிருந்துச்சு. காலேஜ விட்டு நிறுத்துனப்பதான் என்னை யாரும் கேக்கல."

அவ்வளவுதான் சொன்னாள். அண்ணன் வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டு நடந்தாள். வெயிலுக்குக் குழந்தையின் தலையில் முந்தானையைப் போர்த்தியபடி அவள் தெருமுனை திரும்புகிறவரை நான் அங்கேயே நின்றிருந்தேன்.

சென்று வாருங்கள், அண்ணே. உங்கள்மீது அவளுக்குக் கோபம் இல்லை. அதை அவள் வாயால் கேட்க நீங்கள் இல்லையே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.