பேர், போற இடம், வாற நேரம்

வெள்ளவத்தையில் நமசிவாயத்தாரின் லொட்ஜில் கறுப்பு வெள்ளை ரீவி ஒன்று இருந்தது. அதற்கு நல்ல குணமும் இருந்தது, கெட்ட குணமும் இருந்தது. கெட்ட குணம், தலையில் தட்டாமல் வேலை செய்யாது. நல்ல குணம், ஞாயிறு பின்னேரம் போகிற விண்கப்பல் படத்தை மட்டும் தட்டாமலே காட்டும். பழைய இங்கிலீஷ் தொடர்படம். கீழே சிங்கள எழுத்து ஓடும். லொட்ஜில் பாதிப்பேருக்கு இரண்டும் விளங்காது. ஆனாலும் வவுனியாவிலிருந்து வந்தவர்களும், கனடா விசாவுக்குக் காத்திருந்தவர்களும், காத்திருந்து காத்திருந்து எதற்குக் காத்திருக்கிறோம் என்பதையே மறந்தவர்களும் வந்து குந்திவிடுவார்கள்.

அவர்களுக்குக் கப்டனைத்தான் பிடிக்கும். கப்டன் கிழமைக்கு ஒரு கிரகத்தில் இறங்குவார். இறங்கிய உடனே ஏதாவது குழியில் விழுவார்.

பத்மாவதிக்குப் பிடித்தது கிறெற்றாவை. லொட்ஜின் வரவேற்பு மேசை, அறைக் கதவுகளின் திறப்புக் கொத்து, பொலிஸ் பதிவு, தண்ணீர் மோட்டார் எல்லாம் பத்மாவதியின் பொறுப்பு. பெயர்ப்பலகையில் மட்டும் நமசிவாயத்தார் இருந்தார். கிறெற்றாவின் கதையும் அப்படித்தான். கப்பலின் கதவடியில் இருக்கிற பெண் உத்தியோகத்தர் அவள். படம் முடிந்து பேர்கள் ஓடும்போது, சமையற்காரனாக வருகிறவனுக்கும் பிறகுதான் அவள் பேர் வரும். ஆனால் அவளிடம் சொல்லாமல் ஒருவரும் கப்பலை விட்டு இறங்க ஏலாது. பேர் என்ன, போகிற இடம் எது, திரும்புகிற நேரம் என்ன என்று கேட்பாள். சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லுவாள். பிறகுதான் கதவு திறக்கும். போனவன் வராவிட்டால் கத்தமாட்டாள், ஓடமாட்டாள். அவன் எதை எடுத்துக்கொண்டு போனான் என்று முதலில் பார்ப்பாள். கப்டன் குழிக்குள் இருந்து வசனம் பேசி முடிக்கும்போது, மேலே கயிறு தயாராக இருக்கும்.

"கப்டன் இல்லாட்டிக் கப்பல் ஓடாது பிள்ளை," என்பார் நமசிவாயத்தார்.

"அவள் இல்லாட்டிக் கப்டன் முதல் கிழமையே செத்திருப்பார் ஐயா," என்பாள் பத்மாவதி.

தெகிவளை ரயிலில் குண்டு வெடித்த வருஷம் அது. றோட்டுக்கு றோட்டு செக் பொயின்ற். போன பொடியன் எந்தப் பொலிஸ் மறியலில் அடைபட்டிருக்கிறான் என்று தேடுவதுதான் பல வீடுகளில் அன்றாட வேலை. அதனால் பத்மாவதியும் லொட்ஜ் வாசலில் அதே மூன்று கேள்வியைக் கேட்கத் தொடங்கினாள். ஆண்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்கள்.

சொல்லாதவன் ஒருவன்தான். அவளுடைய சொந்தத் தம்பி ஸ்ரீஸ்கந்தராசா. பத்தொன்பது வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொஞ்ச நாள்தான். படிப்பு பாதியில் நின்றுபோனது, வாய் மட்டும் நிற்கவில்லை. போன ஞாயிறு மொட்டைமாடிக்கு ஏறி, அன்ரனாவில் யாரோ ஒருவரின் ஈரச்சாரத்தைக் கட்டிவிட்டான். கீழே படத்தில் எல்லோருக்கும் இரண்டு தலை. "கிறெற்றா பேயாகிட்டாள்!" என்று அவனே ஓடிவந்து கூவினான். சாரத்தை இழுத்து அவிழ்த்தபோது அன்ரனாவின் கம்பி இரண்டு முறிந்தன. அக்கா அன்று அவனோடு கதைக்கவில்லை. அடுத்த ஞாயிறு அந்தப் படத்தின் கடைசி நாள் என்று அவனுக்கும் தெரியும்.

அந்தக் கடைசி ஞாயிறு, காலைச் சாப்பாடு முடிந்ததும் அவன் வாசலால் இறங்கினான்.

"நில்லடா. எங்கை போறாய்?"

"பேர் ஸ்ரீ. போற இடம் செவ்வாய்க் கிரகம். வாற நேரம் அடுத்த பிறவி."

"பகிடி விடாதை. சொல்லிப்போட்டுப் போ."

அவன் அதற்குள் மூலை திரும்பிவிட்டான்.

மத்தியானச் சோறு ஆறியது. பத்மாவதி மூடி வைத்தாள். பிறகு திறந்து பார்த்தாள், ஏதோ அவன் கோப்பைக்குள் இருந்து எழும்பி வருவான் என்பது போல. லொட்ஜுக்கு வெளியே ஜீப் ஒன்று போனது. அவள் வாசலுக்கு வந்து, அது மூலை திரும்புமட்டும் பார்த்து நின்றாள்.

"பொடியன் கடற்கரையில நிப்பான்," என்றார் நமசிவாயத்தார். "வயசு அப்பிடி."

அறைக்குப் போனாள். ஆணியில் அவனுடைய மற்றச் சேர்ட் தொங்கியது. அதன் பையில் பொலிஸ் பதிவுத் துண்டு. அதை விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அது இல்லாத தமிழ்ப் பொடியனைச் செக் பொயின்றில் விடமாட்டார்கள். றோட்டுக்கு ஓடி, போகிற வருகிறவர்களை எல்லாம் பிடித்துக் கேட்க வேண்டும் போல இருந்தது. ஓடவில்லை. கட்டிலில் இருந்தாள். எதை எடுத்துக்கொண்டு போனான்?

செருப்பு. அடையாள அட்டை. வேறென்ன? மாடிக்கு ஏறினாள். அங்கே அன்ரனா இருந்த குழாய் மட்டும் நின்றது. வயர் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பின்சுவரில் கயிறு ஒன்று தொங்கியது, அவள் காணாமல் அதால் இறக்கியிருக்கிறான்.

அந்த இடத்தில் அவளுக்கு அழுகை வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு இறங்கி, நுகேகொடையில் ரேடியோ திருத்துகிற இஸ்ஸதீனுக்குப் போன் எடுத்தாள். லொட்ஜின் ரீவிக்கு வைத்தியர் அவர்தான்.

"ஓம் தங்கச்சி, வந்தாரே," என்றார் இஸ்ஸதீன். "கம்பி ரெண்டும் ஒட்டிக் குடுத்தேன். பத்துத்தரம் சொன்னேன், இத எடுத்துக்கிட்டு பஸ்ல போவாதீங்க, நாளைக்கு நான் ஆள் அனுப்புறேன் எண்டு. கேட்டாத்தானே. அக்கா இண்டைக்குப் படம் பாக்கோணுமாம். பேப்பர்ல சுத்தி எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. அது பகல் சாப்பாட்டுக்கு முந்தி."

பத்மாவதி போனை வைத்தாள். யாழ்ப்பாணப் பொடியன், பதிவுத் துண்டு இல்லை, கையில் பேப்பர் சுற்றின நீளக் கம்பிக்கட்டு. நுகேகொடைக்கும் வெள்ளவத்தைக்கும் இடையில் கிருலப்பனை செக் பொயின்ற். இதற்குச் சாத்திரம் பார்க்கத் தேவையில்லை.

அவள் மாடி வயரை இழுத்துச் சுருட்டி எடுத்து, ரீவியின் பிளக்கையும் கழற்றினாள்.

"என்ன பிள்ளை செய்யிறாய்?"

"அது ரீவிக் கம்பி எண்டு நான் சொன்னா நம்பமாட்டாங்கள் ஐயா. ரீவி சொன்னா நம்புவாங்கள்."

"ஐயோ, பொடியனும் போய் ரீவியும் போகப்போகுது!" நமசிவாயத்தார் கத்தினார். ஆனால் வாசல் மட்டும் வந்து படலையைத் திறந்து பிடித்ததும் அவர்தான்.

சந்தியில் நின்ற ராமையாவின் திரிவீல் ஓட்டோவில் ரீவியை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். ராமையா கொட்டாஞ்சேனைக்காரன். அவன் தகப்பன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்.

"என்னக்கா, ரீவிக்கு காய்ச்சலா?"

சொன்னாள். ராமையா அதன் பிறகு பகிடி விடவில்லை. பாமன்கடைப் பாலத்தைத் தாண்டும்போது, "சாமிய நெனைச்சுக்குங்க. சிங்களம் நானும் பேசுறேன், நீங்களும் பேசுங்க, ஒருத்தருக்குத் தடுமாறுனா இன்னொருத்தர்," என்றான்.

கிருலப்பனைக் காவலரணுக்குப் பக்கத்து அறையில், மர வாங்கில் ஸ்ரீ குந்தியிருந்தான். செருப்பைக் கழற்ற வைத்திருந்தார்கள். மேசையில் அன்ரனா, சதை தின்ற மீன்முள் போலக் கிடந்தது. அக்காவைக் கண்டதும் வாயைத் திறந்தான். பகிடி ஒன்றும் வரவில்லை.

இன்ஸ்பெக்டர் களைத்த முகத்தோடு, "மொகத மே?" என்று ரீவியைக் காட்டி இதென்ன என்று கேட்டார். பத்மாவதி பதிவுத் துண்டை வைத்தாள். இது என் தம்பி, இது எங்கள் ரீவி, அது இதன் கம்பி என்று சிங்களத்தில் சொன்னாள். அந்தச் சொற்கள் வரிசையாக வந்ததே பெரிய காரியம்.

"வயர்லஸ் கம்பியும் இப்படித்தான் இருக்கும்," என்றார் அவர்.

"போட்டுக் காட்டுறேன் மாத்தயா."

"கறன்ற் இல்லையே."

மழை பெய்யாமல் நாடு முழுக்க மின்வெட்டு நடந்த காலம். கறன்ற் வருமட்டும் இருக்கச் சொன்னார். அவர் வெள்ளவத்தைப் பொலிசுக்குப் போன் எடுத்தார். அங்கே பதிவு பார்க்கிறவர் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். வெளியே பெரிய வாகனம் ஒன்று வந்து நின்றது. பிடிபட்டவர்களை வேறெங்கோ ஏற்றிப்போகிற வாகனம். ஒரு கொன்ஸ்தாபிள் வாங்கில் இருந்த பொடியன்களை எண்ணத் தொடங்கினான். பத்மாவதி இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு அந்த வாகனத்தின் இலக்கத்தைப் பாடமாக்கினாள். ஏற்றினால் எங்கே என்று தெரிய வேண்டும். முடிந்ததும் திரும்பவும் முதலிலிருந்து சொன்னாள். விட்டால் அழுதுவிடுவாள்.

கறன்ற் வந்தது. சீலிங் ஃபான் முனகிக்கொண்டு எழும்பியது.

பிறகு நடந்தது இலங்கையில் எல்லா வீட்டிலும் நடக்கிற கூத்து. ராமையா வயரை அன்ரனாவில் முறுக்கி, அதைத் தூக்கிக்கொண்டு வெளிமதிலில் ஏறினான். பத்மாவதி ரீவியைப் போட்டாள். திரை முழுக்க அரிசி கொட்டியது.

"ஹரித? சரியா?" என்று கேட்டான் ராமையா.

"நே! இல்லை!" என்று கத்தியது பத்மாவதி அல்ல, கதவடியில் நின்ற கொன்ஸ்தாபிள். "கடல் பக்கம் திருப்பு!"

"இப்ப?"

"நே, நே, கூடிப்போச்சு! கொஞ்சம் இங்கால!"

பொடியன்களை எண்ணிக்கொண்டிருந்தவனும் எண்ணிக்கையை விட்டுவிட்டு வந்து, ரீவியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினான். பத்மாவதி குமிழைத் திருகினாள். முதலில் சவர்க்கார விளம்பரம். பிறகு விண்கப்பலின் கதவு. கதவடியில், முதுகைக் காட்டிக்கொண்டு, கிறெற்றா.

இன்ஸ்பெக்டர் கதிரையை ரீவிப் பக்கம் திருப்பிப் போட்டார்.

"இவள்தான் பெரியவளா?"

"இல்லை. பெரியவர் குழிக்குள்ள இருப்பார். வேலை செய்யிறது இவள்."

"ஏன் சிரிக்கிறாளே இல்லை?"

"எல்லாரும் திரும்பி வந்தாப் பிறகு சிரிப்பாள் மாத்தயா."

அவர் பத்மாவதியைத் திரும்பிப் பார்த்தார். அப்போது போன் அடித்தது. வெள்ளவத்தையில் தேத்தண்ணி முடிந்திருந்தது. அவர் கேட்டு, "ஹரி, ஹரி," என்று வைத்துவிட்டு, ஸ்ரீயைக் கையால் காட்டி, அவளைத் தங்கச்சி முறை வைத்துக் கூப்பிட்டார். "கூட்டிக்கொண்டு போ நங்கி. இப்பவே போ. வாகனக்காரர் உள்ளுக்கு வந்தால் என் சொல்லும் செல்லாது."

படத்தில் கிறெற்றா கயிற்றை எடுத்துக்கொண்டிருந்தாள். பத்மாவதி கண்ணும் வெட்டாமல் பிளக்கைப் பிடுங்கினாள். "ஐயோ!" என்று கொன்ஸ்தாபிள் உண்மையாகவே கவலைப்பட்டான்.

திரிவீலில் மூன்று பேரும் ஒரு ரீவியும். அன்ரனாவை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள், அதைக் கேட்கிற துணிவு ஒருவருக்கும் இல்லை. வாங்கில் மிச்சம் இருந்த பொடியன்களைப் பற்றியும் ஒருவரும் கதைக்கவில்லை. பாமன்கடையில்தான் ஸ்ரீ கேட்டான்.

"அக்கா, கடைசியில அவள் சிரிச்சிருப்பாளோ?"

பத்மாவதி அவன் காதைப் பிடித்து முறுக்கினாள். முறுக்கிய கையை லொட்ஜ் வரும்வரை எடுக்கவில்லை. ராமையா கண்ணாடியில் பார்த்துவிட்டு, றோட்டைப் பார்த்தான்.

அடுத்தநாள் காலை ஸ்ரீ பாண் வாங்க வெளிக்கிட்டான். பத்மாவதி மேசையில் திறப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவன் படியில் இறங்கி, நின்று, திரும்பினான்.

"பேர் ஸ்ரீஸ்கந்தராசா. போற இடம் சந்திப் பேக்கரி. வாற நேரம் பாண் சூடு ஆற முதல்."

பல்லைக் காட்டிக்கொண்டுதான் சொன்னான். ஆனால் போகவில்லை. அவள் அதைத் திருப்பிச் சொல்லுமட்டும் படியில் நின்றான்.