முதலாம் கட்டம்

மோட்டார் சைக்கிளில் ஐஸ்பெட்டி கட்டிய மீன்காரர் எங்கள் வேலிப் படலையில் நின்று ஹோர்ன் அடித்த காலையில்தான் அந்த யோசனை வந்தது. மீன் வீடு தேடி வருகிறது. பால் மட்டும் ஏன் நடந்து போக வேண்டும்?

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படித்து முடித்த சூடு ஆறாமல் ஒரு பால் உற்பத்தியாளர் சங்கத்தில் உதவி முகாமையாளராகச் சேர்ந்திருந்தேன். வாவிக்கரையில் சங்கத்துக்கு ஒரு சேகரிப்பு நிலையம் இருந்தது. பதினொரு வருடமாக ஓர் அக்காதான் அதை நடத்தினார். அளப்பதும் அவர், பால்மானி இட்டுத் தண்ணீர் கலந்ததைப் பிடிப்பதும் அவர். செங்கலடியிலுள்ள சங்கத்தின் குளிரூட்டும் நிலையத்துக்குப் பாலை ஏற்றிப்போகும் உழவு இயந்திரம் பிந்துகிற நாட்களில் பால் வெயிலில் கிடக்கும். நிலையத்தை மூடிவிட்டு ஒரு சின்ன லொறியை வீடு வீடாக அனுப்பலாம், அக்கா அதிலேயே ஏறி அளந்து எடுக்கலாம் என்று திட்டம் எழுதினேன். பாடத்தில் படித்தபடியே கட்டம் பிரித்தேன். முதலாம் கட்டம் மூடுதல். இரண்டாம் கட்டம் லொறி.

அக்காவுக்கு நானே போய் விளங்கப்படுத்தினேன். லொறி வருமா என்று மட்டும் கேட்டார். வரும் என்றேன். சங்கக் கூட்டத்தில் திட்டத்துக்கு அவர் கை உயர்த்தியது எனக்காகத்தான்.

அடுத்த கிழமையே நிலையத்துக்குப் பூட்டு விழுந்தது. அவ்வளவு வேகமாக அந்தச் சங்கத்தில் வேறெதுவும் நடந்து நான் கண்டதில்லை. லொறியைக் கேட்டு மூன்று மாதம் அலைந்தேன். கடைசியில் தலைவர் என் திட்டத்தையே எடுத்து மேசையில் போட்டார்.

"நீங்கதானே எழுதியிரிக்கிறீங்க புள்ள, அது ரெண்டாம் கட்டமெண்டு. நாம இன்னும் முதலாவதிலதானே நிக்கிறம்."

சிரித்துக்கொண்டே சொன்னார். 

இப்போது வாவிக்கரையார் செங்கலடி வரை சைக்கிளில் பால் கொண்டுவருகிறார்கள். திரைந்திருந்தால் திருப்பி அனுப்புகிறோம். பால் ஏற்கவில்லை என்று எழுதிக்கொடுக்கும் துண்டில் கையொப்பம் இடுவதும் நான்தான். வேலை போன அக்கா வீட்டில் இருக்கிறார். மன்னிப்புக் கேட்கப் போனேன். தேத்தண்ணி தந்தார். நான் குடித்து முடித்ததும் கோப்பையை வாங்கிக்கொண்டு கேட்டார்.

"அந்த முதலாம் கட்டம் நான்தானா, புள்ள?"

திங்கட்கிழமை அப்பாவின் ஓட்டோவைக் கேட்டிருக்கிறேன். ஏழு மணிக்கு அது பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றப் போய்விடும். அதற்குமுன் ஐஸுக்குள் இரண்டு கேன் வைத்து, பத்து வீட்டுப் பாலையாவது எடுத்துவிட வேண்டும். அக்காவுக்கான நாள்கூலி என் சம்பளத்திலிருந்து. சங்கத்துக்குச் சொல்லவில்லை, கட்டம் பிரிக்கவும் இல்லை. வருவீங்களா என்று கேட்டதற்கு அக்கா இன்னும் சரி சொல்லவில்லை. ஐந்தரைக்கு அவருடைய படலையில் போய் ஹோர்ன் அடிக்கப்போகிறேன்.