வால்நட் பலகையின் வெள்ளை ஓரம்

2025 ஆகஸ்ட் 9, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினேன். இட்லி நான்கு. எட்டு ஐந்துக்கு விழுப்புரத்தில் திண்டிவனம் பஸ் ஏறினேன். மனைவியின் தையல் மிஷினுக்கான பலகை தயாரா என்று ஆசாரியிடம் போய்ப் பார்க்க வேண்டும்.

அவள் பள்ளிச் சீருடை தைப்பவள். பிளைவுட் மேசை தொய்ந்துபோய், மிஷின் ஓடும்போதெல்லாம் ஆடியது. கோட்டக்குப்பம் மரக்கடையில் பிளாக் வால்நட் பலகை ஒன்று கிடைத்தது. காபிப்பொடி நிறம். நன்றாகக் காய்ந்தால் எளிதில் வளையாது. அதிர்வைத் தாங்கும் என்பதால் துப்பாக்கியின் பிடிக்கட்டைக்கு எடுக்கிற மரம். அகலம் பதினாறு அங்குலம். அதில் ஒரு ஓரமாக மூன்று அங்குலம் வெளுத்த மரம். அந்த ஓரத்துக்காகத்தான் அவள் அதைத் தேர்ந்தெடுத்தாள். கண் மங்கத் தொடங்கியிருக்கிறது. கருநீல நூலும் ஊசியும் வெள்ளையில் விழுந்தால்தான் தெரிகின்றன. ஆசாரியிடம் நேரிலும் சொன்னேன், தாளிலும் எழுதிக் கொடுத்தேன்: அகலம் குறைக்க வேண்டாம்.

பட்டறையில் டேப் வைத்து அளந்தேன். பதின்மூன்று.

வெள்ளை எங்கே என்று கேட்டேன்.

"அறுத்துட்டேன் சார். வெள்ளைய உட்டா வண்டு வெச்சிடும். தேக்குல யாராவது வெள்ளையோட செய்வாங்களா?"

தாளைப் படித்தாராம். மரம் தெரியாத ஆள் எழுதியது என்று மடித்து வைத்துவிட்டாராம்.

அறுத்த துண்டு எதிர் டீக்கடைக்குப் போயிருந்தது. ஓடினேன். அடுப்படியில் விறகோடு விறகாகக் கிடந்தது, நல்லவேளை எரியவில்லை. "ஒரு கட்டைக்காகவா சார் விழுப்புரத்துலேருந்து வந்திருக்கீங்க?" என்றார் கடைக்காரர், என் ஊரைக் கேட்டுவிட்டு.

துண்டை எடுத்து வந்து ஒட்டித் தரச் சொன்னால் ஆசாரி மறுத்தார். நாளை வண்டு துளைத்தால் கெடுவது அவர் பெயராம். "வீட்டம்மா சொல்லட்டும், ஒட்டறேன். நீங்க சொல்லி ஒட்ட மாட்டேன்."

திரும்பும் பஸ்ஸில் போனில் தேடிப் படித்தேன். வால்நட்டின் வெள்ளையையும் வண்டு துளைக்குமாம். அவர் சொன்னது சரி என்பதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

வண்டு விஷயத்தை மறைக்காமல் மனைவியிடம் சொன்னேன். அவள் துண்டை மடியில் வைத்து, கருநீல நூல் ஒன்றைப் போட்டு, முதல் தடவையிலேயே எடுத்தாள்.

"வண்டு வரும்போது வரட்டுங்க. எனக்கு இப்ப நூல் தெரியணும்."

பத்தாம் தேதி காலை ஆறு மணிக்கு, முதல் வேலையாக, ஆசாரிக்குப் போன் போட்டேன். அவர் எடுத்ததும் போனை அவள் கையில் கொடுத்தேன்.